டிகிரி ஏறாது, கரண்ட் மட்டும் ஏறும்: அலுமினியம் உருகும்போது என்ன நடக்குது?

ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் மால்கோ ஆலை 1965-ல் அலுமினிய உற்பத்தியைத் தொடங்கியது. அலுமினியத்தை வார்ப்புக்காக உருக்கும்போது, 660 டிகிரி செல்சியஸில் வெப்பநிலை அப்படியே நின்றுவிடும். உலை மட்டும் எரிந்துகிட்டே இருக்கும்.

அந்த வெப்பம் எங்கே போகுது? திடப்பொருளைத் திரவமாக்கத்தான். இதுவே உள்ளுறை வெப்பம். ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 397 கிலோஜூல். 100 கிலோ என்றால், இதற்கு மட்டுமே 11 யூனிட் மின்சாரம்!

வார்ப்பில் சேர்க்கும் சிலிக்கானுக்கு இது கிலோவுக்குச் சுமார் 1,800. அதனால் சிலிக்கான் கூடினால் கணக்கும் மாறும்.

எப்படி அளப்பது? உருகிய உலோகத்தைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, தெர்மோகப்பிள் மூலம் அது ஆறும் வேகத்தைப் பதிவு செய்வார்கள். உறையும்போது வெப்பம் வெளிவருவதால் வேகம் குறையும்; அந்த வித்தியாசத்திலிருந்து கணக்கிடலாம்.

எந்தப் பகுதி எப்போது உறையும் என்ற கணக்கு தப்பினால், வார்ப்புக்குள் ஓட்டை விழும். அப்புறம் திரும்பவும் உலைதான். அந்த 11 யூனிட்டும் இன்னொரு முறை.