முதல் கேமிங் கம்ப்யூட்டர்: எந்தப் பாகத்துக்கு எவ்வளவு பணம்?

குறைந்த பணத்தில் முதன்முதலாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொள்ள விரும்பிச் சென்னை ரிச்சி தெருவுக்கோ, அதையொட்டிய நரசிங்கபுரம் தெருவுக்கோ போகிற மாணவன், கைவசமுள்ள தொகையை எந்தப் பாகத்துக்கு எவ்வளவு பங்கிடுவது என்ற விஷயத்தை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு போவானாயின், அங்கே கடைக்குக் கடை காதில் விழும் விலைகள் அவனைக் கலக்குவதில்லை. அப்படித் தீர்மானியாமல் போகிறவன், பெரும்பாலும் பிராசசரின் பெயரில் மயங்கிப் பணத்தைச் செலவிட்டுவிட்டு, விளையாட்டுக்கு ஜீவாதாரமான கிராபிக்ஸ் கார்டுக்கு மிச்சமில்லாமல் நிற்கிறான்.

‘ஐ7 மெஷின்’ என்று மலிவாகக் கிடைக்கும் பழைய பெட்டிகளையே எடுத்துக்கொள்வோம். 2013இல் வந்த கோர் ஐ7-4770க்கு 4 கோர், 8 திரெட்; 2022இல் வந்த கோர் ஐ3-12100எஃப்புக்கும் அதே 4 கோர், 8 திரெட்தான். ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஒரு கோர் ஒரு நொடியில் முடிக்கும் வேலை வெகுவாகப் பெருகிவிட்டபடியால், பெயரளவில் தாழ்ந்த ஐ3, கேம்களில் அந்த ஐ7ஐ எளிதில் முந்திவிடுகிறது. அன்றியும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் வாலரண்ட் என்ற கேமை ஆட வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் அவசியம், அந்தக் காலத்து மதர்போர்டுகளில் அதை எதிர்பார்க்க முடியாது. இத்தகைய பெட்டியில் ‘4 ஜி.பி. கிராபிக்ஸ்’ என்று சேர்த்துத் தரப்படுவது 2014ஆம் ஆண்டின் ஜி.டி. 730 ஆக இருக்கக்கூடும். கார்டின் நினைவகம் படங்களை வைத்துக்கொள்ளும் இடமேயன்றி வேகமன்று. திரையில் படம் தெரியச் செய்வதற்கென்று வந்த அந்தச் சாமானிய சிப், எத்தனை ஜி.பி. ஒட்டினாலும் இன்றைய கேம்களின் பாரத்தைத் தாங்காது.

கார்டுக்கு ஏன் இவ்வளவு பிரதானம் என்பது கணக்கிட்டால் விளங்கும். 1920க்கு 1080 என்ற சாதாரண மானிட்டரில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால், ஒவ்வொரு நொடியிலும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் நிர்ணயித்தாக வேண்டும். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது என்பதை பிராசசர் கணிக்கிறது. அந்தக் காட்சியைத் தீட்டும் பெரும்பாரம் கார்டின்மீது விழுகிறது. ஆகவே, விஸ்தாரமான காட்சிகள் நிறைந்த கதை கேம்களை விரும்புகிறவன், மானிட்டர் நீங்கலான தொகையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கைக் கார்டுக்கே ஒதுக்குவது உசிதம் என்பது என் அபிப்பிராயம். வாலரண்ட், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 மட்டுமே ஆடுகிறவனுக்கு பிராசசரின் பங்கு சற்றுக் கூடலாம்.

2021இல் வந்த ஆர்.எக்ஸ். 6600 கார்டு, 8 ஜி.பி. நினைவகமும் 132 வாட் மின்தேவையும் உள்ளது; அதனுடன் ஐ3-12100எஃப்போ, 6 கோர் உள்ள ரைசன் 5 5600ஓ சேர்ந்தால் முதல் கம்ப்யூட்டருக்குப் போதுமானது. செகண்ட்ஹேண்டில் வாங்குவதும் தவறன்று. ஆனால் 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளைக் கொண்டு மைனிங் செய்யும் முறையைக் கைவிட்டபின், இரவுபகலாக மைனிங்கில் உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன என்பதை நினைவில் வைத்து, கடையிலேயே அரைமணி நேரமாவது ஒரு கனமான கேமை ஓடவிட்டு, ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் கவனித்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். கார்டுக்கு இப்போது வழியே இல்லை என்பவன், உள்ளேயே கிராபிக்ஸ் அமைந்த ரைசன் 5 5600ஜியை வாங்கி ஆரம்பிக்கலாம்.

எந்த நிலையிலும் சிக்கனம் பார்க்கக் கூடாத பாகம், மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். ‘450’ என்று பெரிய எழுத்தில் போட்ட மலிவான பெட்டியைத் திருப்பி, பக்கவாட்டு ஸ்டிக்கரில் உள்ள கட்டங்களில் +12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால், 18ஐ 12ஆல் பெருக்கக் கிடைக்கும் 216 வாட்தான் பிராசசருக்கும் கார்டுக்கும் உபயோகப்படும் சக்தி. கார்டுக்கு 132, 5600க்கு 65 என்று எழுத்தில் உள்ளதையே கூட்டினால் 197 ஆகிறது. கணப்பொழுதில் எழும் மின் ஏற்றத்துக்கு இடமேது? 80 பிளஸ் முத்திரைகூடச் சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகவில்லை என்பதற்கே சான்று. பாதுகாப்புச் சர்க்கியூட்டுகளின் தரத்தை அது சொல்வதில்லை. ஐந்து ஆண்டு வாரண்டியுள்ள நல்ல 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்., பிற்பாடு வாங்கும் பெரிய கார்டுக்கும் உதவும். கேபினெட்டில் வண்ண விளக்குகளுக்குப் பணம் கொடுப்பதைவிட, முன்பக்கம் காற்றோட்டத்துக்கு வலை உள்ளதாகப் பார்த்து வாங்குவது மேல்.

2025இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தேவையால் ராம் விலை கணிசமாக ஏறிவிட்டபடியால், அதிலும் நிதானம் வேண்டும். ஒரே 16 ஜி.பி. ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜி.பி. ஸ்டிக்குகள் சிலாக்கியம், 5600ஜி போன்றவை கிராபிக்ஸுக்கு ராமையே உபயோகிப்பதால் அவற்றுக்கு இது இன்றியமையாதது. நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும், பயாஸில் எக்ஸ்.எம்.பி.யை இயக்காவிட்டால், 3200 என்று வாங்கிய ராம் 2666ஆகவோ 2133ஆகவோ ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

பில் போடும்போது, ‘கம்ப்யூட்டர் ஒன்று’ என்று எழுதவிடாமல், ஒவ்வொரு பாகத்தின் மாடலையும் சீரியல் நம்பரையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். வாரண்டி கேட்கப் போகும்போது கைகொடுப்பது அந்தக் காகிதந்தான். வீட்டில் இணைக்கும்போது, மானிட்டர் கேபிளை மேலே உள்ள மதர்போர்டின் போர்ட்டில் செருகாமல், கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் போர்ட்டில் செருகுங்கள். மேலே செருகினால், உள்ளே கிராபிக்ஸ் இல்லாத 12100எஃப்போ 5600ஓ உள்ள பெட்டியில் திரை இருண்டே கிடக்கும். 5600ஜியுடன் பிற்பாடு கார்டு சேர்த்தவனுக்கோ படம் வரக்கூடும், ஆனால் காசு கொட்டி வாங்கிய கார்டு பெரும்பாலும் வேலையின்றி உட்கார்ந்திருக்கும்.