போட்டோ அப்லோடு ஆகலையா? பெயரை மாற்றினால் மட்டும் போதாது!

தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். எல்லா விவரங்களையும் நிரப்பிய பிறகு, ‘ஜேபிஜி ஃபைல் மட்டுமே ஏற்கப்படும்’ என்று இணையதளம் அடம்பிடிக்கிறதா? ஐபோனில் எடுத்த படம் என்றால், அது பெரும்பாலும் ‘ஹெய்க்’ ஃபார்மேட்டில் இருக்கும். 2017-ல் ஐஓஎஸ் 11-உடன் அறிமுகமான இது, போனில் குறைந்த இடத்தையே பிடிக்கும். ஆனால், எல்லா இணையதளங்களும் இதை ஏற்பதில்லை.

பலர் ஃபைல் பெயரின் கடைசியில் ‘ஜேபிஜி’ என்று மாற்றிப் பார்க்கிறார்கள். உப்பு டப்பாவில் சர்க்கரை என்று எழுதி ஒட்டுவதைப் போலத்தான் இதுவும். உள்ளே இருப்பது மாறாது.

சரியான வழி என்ன?

* ஐபோனில் படத்தை ‘சேவ் டு ஃபைல்ஸ்’ கொடுத்துச் சேமியுங்கள். ஃபைல்ஸ் ஆப்பில் அதை அழுத்திப் பிடித்து, ‘குயிக் ஆக்‌ஷன்ஸ்’ வழியே ‘கன்வெர்ட் இமேஜ்’ சென்று ‘ஜேபெக்’கைத் தேர்ந்தெடுங்கள். ஐஓஎஸ் 16 முதல் இந்த வசதி உண்டு. ஜேபெக், ஜேபிஜி இரண்டும் ஒன்றுதான்.

* இனி எடுக்கும் படங்கள் ஜேபிஜியாகவே வர, செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மேட்ஸ் சென்று ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வையுங்கள்.

* முன்பின் தெரியாத ‘இலவச கன்வெர்ட்டர்’ தளங்களில் ஆதார், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை ஏற்றாதீர்கள். அவற்றின் நகல் வேறொருவர் சர்வருக்குப் போய்விடும்.

* ஜேபிஜி படத்தை எடிட் செய்து சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். அதை பிஎன்ஜியாக மாற்றினாலும் இழந்த தரம் திரும்பாது. எனவே, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள், ஒரிஜினலை அழிக்காதீர்கள்!