ஒரு சொல், 645 பொருள்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும் சொல் 'ரன்'. 'ஓடு' என்று பொருள் சொல்லி, அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியோ அந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களை வரிசைப்படுத்துகிறது. கிரிக்கெட் ரன் போன்ற பெயர்ச்சொற்கள் இந்தக் கணக்கில் இல்லை.

முன்பு 'செட்' என்ற சொல்தான் அதிகப் பொருள்களுடன் முதலிடத்தில் இருந்தது. 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள்கள். விளக்கமே ஏறத்தாழ 60,000 சொற்களுக்கு நீண்டது. மூன்றாம் பதிப்புக்காக 'ரன்' சொல்லைத் திருத்தி எழுதிய அகராதியாளர் பீட்டர் கில்லிவருக்கு, அந்த ஒரு சொல்லை முடிக்க ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனது.

இத்தனை பொருளும் எங்கிருந்து வந்தன? நாம் ஓடும் 'ஓடு'வுக்கும் கூரை ஓட்டுக்கும் ஒலிதான் ஒன்று, உறவு கிடையாது. 'ரன்' அப்படியல்ல, எல்லாம் ஒரே வேரின் கிளைகள். பழைய ஆங்கிலத்திலேயே மனிதரும் ஓடினார்கள், தண்ணீரும் ஓடியது. தண்ணீர் ஓடியதால் சளி பிடித்த மூக்கும் 'ஓடியது', துவைத்த துணியின் சாயமும் 'ஓடியது'. தொழிற்புரட்சி வந்ததும் ஆலைகளும் ரயில்களும் சேர்ந்துகொண்டன. பின்னாளில் கணினி நிரல்களும். எந்திரத்தை இயக்குவதற்கும் கடையை நடத்துவதற்கும் அதே சொல்தான். அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் 'ஓடுகிறார்'. பிரிட்டிஷ் வேட்பாளர் நம்மூர்க்காரரைப் போலவே 'நிற்கிறார்'!

ஆனால் 645 என்ற எண்ணில் சொல்லின் வளம் பாதி என்றால், அகராதியாளரின் கத்தரிக்கோல் மீதி. ஆறு ஓடுவதும் குழாயில் தண்ணீர் ஓடுவதும் ஒரே பொருளா, இரண்டா? கையகராதி ஒன்றாகச் சேர்த்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டு போன்ற வரலாற்று அகராதி, பல நூற்றாண்டுச் சான்றுகளை அடுக்கி நுணுக்கமாகப் பிரிக்கும். வழக்கொழிந்த பொருளையும் தள்ளாது. வெட்டும் இடத்தை மாற்றினால் எண்ணிக்கையும் மாறும்.

பேசுபவருக்கு இந்தக் குழப்பமே இல்லை. பக்கத்தில் 'மூக்கு' வந்தால் ஒரு பொருள், 'கடை' வந்தால் இன்னொன்று. துணைக்கு வரும் சொல்லே தீர்ப்பைச் சொல்லிவிடும். எனவே ஆங்கிலம் கற்பவர் பட்டியலைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. தனிச்சொல்லை விட்டு, முழு வாக்கியமாகப் படித்தால் போதும். 645 பொருளையும் மனப்பாடம் செய்துவிட்டா ஆங்கிலேயர்கள் பேசுகிறார்கள்?