இலவச சிபிலும் ஒரு ரூபாய்த் தூண்டிலும்

கம்பம் பள்ளத்தாக்கில் கடன் கேட்டு வங்கிப் படியேறுகிறவர் காதில் முதலில் விழும் சொல் இப்போது ‘சிபில்’தான். பழைய கடன்களை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் மதிப்பெண் அது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டவருக்குக் கவாத்து முடிந்த கையோடு உரத்துக்கும் மருந்தடிப்புக்கும் பணம் வேண்டும். சின்னமனூர் வாழைக்காரருக்குக் கன்றும் முட்டும் வாங்க வேண்டும். நகையைக் கொண்டுபோனால் காரியம் சீக்கிரம் நடந்துவிடும். டிராக்டருக்கோ கடை விரிவாக்கத்துக்கோ கேட்டால்தான், “உங்க சிபில் அடிவாங்கிருக்கேண்ணே” என்று கை விரிக்கிறார்கள். எங்கே அடி வாங்கியது, எந்தக் கடனில் என்று அவர்கள் சொல்வதில்லை. 2025இல் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது தமிழக விவசாயிகள் கொதித்துப்போனது சும்மா இல்லை.

திருப்பி அனுப்பப்பட்டவர் அடுத்துச் செய்வது, போனை எடுத்து ‘இலவச சிபில்’ என்று தேடுவது. போன் பழக்கமில்லாதவர் மகனிடமோ ஜெராக்ஸ் கடைத் தம்பியிடமோ கொடுக்கிறார். பத்துப் பதினைந்து செயலிகள் வரிசைகட்டி வருகின்றன. பேர், பான் எண், ஓடிபி வரை எல்லாம் ஒழுங்காகப் போகும். அதற்குப் பிறகுதான் கவனிக்க வேண்டிய திரை: “ஏழு நாள் இலவசம், சரிபார்ப்புக்கு ஒரு ரூபாய் மட்டும்.” ஒரு ரூபாய்தானே என்று யுபிஐ பின் நம்பரைத் தட்டுகிறோம். அந்தப் பின் நம்பர் ஒரு ரூபாய்க்கு மட்டும் ஒப்புதல் இல்லை. மாதாமாதம் இத்தனை ரூபாய் வரை நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்த ஆட்டோபே அனுமதி அது. எவ்வளவு, எதுவரைக்கும் என்பதெல்லாம் அதே திரையில் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். வங்கி மறுத்த வருத்தத்தில் நிற்கிறவர் அதைப் படிப்பாரா?

ஏழு நாள் கழிந்ததும் கணக்கில் கை வைக்கப்படும். பிஎம் கிசான் தவணை 2,000 ரூபாய் வந்து விழும் கணக்காக அது இருந்தால், சில நூறு ரூபாய் குறைந்ததே பாஸ்புக் போடும்போதுதான் தெரியும்.

இது புதிய வித்தை இல்லை, அமெரிக்காவில் இதற்கு இருபது வருட வரலாறு உண்டு. அங்கே எக்ஸ்பீரியன் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று ‘இலவசக் கடன் அறிக்கை’ என்று விளம்பரம் செய்து ஆள் சேர்த்தது. 30 நாளுக்குள் ரத்து செய்யாதவர்களிடம் 79.95 டாலர் பிடித்தது. 2005இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குப் போட, 9.5 லட்சம் டாலர் கட்டவும் வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டது. 2017 ஜனவரியில் டிரான்ஸ்யூனியன், ஈக்விஃபாக்ஸ் என்ற வேறு இரண்டு கடன் தகவல் நிறுவனங்களும் மாட்டின. இலவசம் அல்லது ஒரு டாலர் என்று காட்டிச் சேர்த்துக்கொண்டு, பிறகு மாதம் 16 டாலருக்கு மேல் பிடித்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. இரண்டும் சேர்ந்து 1.76 கோடி டாலருக்கு மேல் மக்களுக்குத் திருப்பித் தரவும், 55 லட்சம் டாலர் அபராதம் கட்டவும் உத்தரவானது. இந்தியாவில் நம் கடன் கணக்கை வைத்திருக்கும் நான்கு நிறுவனங்களில் மூன்று, இந்த மூன்று குழுமங்களைச் சேர்ந்தவைதான். சிபில் நிறுவனத்தின் பெரும்பங்கு டிரான்ஸ்யூனியன் கையில். நான்காவது கிரிஃப் ஹைமார்க். மகளிர் குழுக்களின் நுண்கடன் தவணைகளும் இந்தப் பேரேடுகளில் ஏறுகின்றன.

நம் ஊரில் சட்டம் இல்லாமல் இல்லை. 2023 நவம்பர் 30இல் மத்திய அரசு 13 வகை இணைய ஏமாற்று உத்திகளைத் தடை செய்து வழிகாட்டுதல் வெளியிட்டது. இலவசச் சேவைக்குப் பணம் செலுத்தும் விவரத்தையோ ஆட்டோபே அனுமதியையோ கட்டாயப்படுத்திக் கேட்பதே அதில் சந்தா பொறியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல், தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. தகவல் வரத்தான் செய்கிறது. ஆனால் விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே, ஆங்கிலத்தில். தமிழில் கடன் விளம்பரம் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, பணம் எடுக்கப்போகும் செய்தியை மட்டும் தமிழில் அனுப்பத் தெரியவில்லை!

எனக்கு எரிச்சல் தருவது வேறு. நம் கடன் அறிக்கையைப் பார்க்க யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2017 ஜனவரியிலிருந்து நான்கு நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை, மதிப்பெண்ணோடு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஆக, வருடத்துக்கு நான்கு அறிக்கை. அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே அதற்கான இணைப்பைப் பளிச்சென்று காட்ட வேண்டும் என்றும் 2023இல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கூடுதல் அறிக்கைக்கு அதிகபட்சம் 100 ரூபாய்தான் என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலேயே அரசு சொன்னது. நம் அறிக்கையை நாமே பார்த்தால் மதிப்பெண் குறையும் என்ற பயமும் வேண்டாம், குறையாது.

அறிக்கையில் தவறு இருந்தால் திருத்தவும் கட்டணம் கிடையாது. கட்டி முடித்த நகைக்கடன் பாக்கியாகவே நிற்கலாம். வாங்காத கடன் நம் பெயரில் ஏறியிருக்கலாம். புகார் கொடுத்து 30 நாளில் சரியாகாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு நமக்கு வர வேண்டும். ‘சிபில் சரிசெய்து தரப்படும்’ என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் போக வேண்டியதே இல்லை. முதல்முறை கடன் கேட்கிறவருக்குப் பழைய கடன் வரலாறு இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னதுதான்.

இதைப் படித்த கையோடு உங்கள் யுபிஐ செயலியைத் திறந்து, ‘ஆட்டோபே’ பகுதியில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் அங்கேயே ரத்து செய்துவிடலாம். செயலியைப் போனிலிருந்து நீக்கினால் மட்டும் அனுமதி போய்விடாது. பணம் போயிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வங்கியோ கடன் தகவல் நிறுவனமோ 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.