அச்சில் வார்த்த கைத்துப்பாக்கி

கைத்துப்பாக்கியின் உடற்சட்டம் எஃகிலிருந்து பிளாஸ்டிக்கிற்கு மாறியதும் ஆக்கச் செலவு ஏன் குறைந்தது? பிளாஸ்டிக் மலிவு என்று நண்பர்கள் உடனே விடையளிப்பர். அது பாதி உண்மையே. சட்டத்திற்கு வேண்டிய எஃகின் விலையே சிறிது. செலவெல்லாம் அதைச் செதுக்குவதில்தான்.

உலோகக் கட்டியை இயந்திரத்தில் ஏற்றிக் குடைந்து, துளையிட்டு, அளவு பார்த்து, மெருகிட வேண்டும். உலோகத்தில் பெரும்பகுதி துருவலாகத் தரையில் விழும். நைலான் வகைப் பிளாஸ்டிக்கையோ உருக்கி எஃகு அச்சினுள் அழுத்தினால், சிறிது நேரத்தில் முழுச் சட்டமும் வெளிவந்துவிடும். அச்சுதான் விலையுயர்ந்தது. அதற்கு ஒரு லட்ச ரூபாய் என்று கொள்வோம். நூறு சட்டங்கள் வார்த்தால் ஒவ்வொன்றின் மீதும் ஆயிரம் ரூபாய் ஏறும். ஒரு லட்சம் வார்த்தால் ஒரே ரூபாய்! சில நூறு மட்டும் செய்பவனுக்குப் பிளாஸ்டிக் நட்டமே.

துப்பாக்கி முழுவதும் பிளாஸ்டிக் என்று எண்ணிவிட வேண்டாம். குழலும், அதன்மேல் முன்பின் நகரும் மூடியும் இன்றும் எஃகே.

ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் 1970-லேயே இத்தகைய துப்பாக்கியைச் செய்தது; அது அதிகம் விற்கவில்லை. வெற்றி கண்டவர் ஆஸ்திரியாவின் காஸ்டன் குளோக். திரைச்சீலைக் கம்பிகளும் இராணுவத்திற்குக் கத்திகளும் செய்துவந்த அவர், அதுவரை துப்பாக்கி செய்தறியாதவர். 1982-ல் ஆஸ்திரிய இராணுவம் அவருடைய துப்பாக்கியை ஏற்றது. பழைய பட்டறையும் பழைய பழக்கமும் இல்லாததே அவருக்கு அனுகூலமாயிற்று என்பது என் கருத்து.

பொருளாதாரம் பயில்வோர் கவனிக்க வேண்டியது இனித்தான். செலவு குறைந்த அளவுக்கு விலை குறையவில்லை. எஃகுத் துப்பாக்கிகளோடு ஒப்பிடத்தக்க விலைக்கே குளோக் விற்றார், இடைவெளி இலாபமாயிற்று. அவ்விலாபத்தின் பலத்தில், அமெரிக்கப் போலீசாரிடமிருந்து பழைய ரிவால்வர்களைப் பெற்றுக்கொண்டு புதியவற்றைச் சலுகை விலையில் கொடுக்க முடிந்தது. பெற்ற ரிவால்வர்களோ சந்தை வழியே பொதுமக்கள் கைக்குச் சென்றன! மலிவின் இந்தப் பக்கத்தைக் கணக்குப் புத்தகம் காட்டுவதில்லை.

1994-ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 'சிக்மா' என்ற ஒத்த துப்பாக்கியை வெளியிட்டது. குளோக் வழக்கிட்டது, 1997-ல் சமரசமாயிற்று. பின்னர் காப்புரிமைகள் காலாவதியாகவே, பலரும் அவ்வடிவத்தை ஒட்டிச் செய்யலாயினர். பிரேசிலின் டாரஸ் நிறுவனத்தார் இன்று குளோக் விலையில் ஏறத்தாழப் பாதிக்கே சில வகைகளை விற்கின்றனர். சட்டத்தில் இனிக் குறைக்க அதிகமில்லை. ஆகவே எஃகின் சிறு பாகங்களையும், உலோகப் பொடியை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டுச் செய்யத் தொடங்கிவிட்டனர்.