காப்புறுதிப் பத்திரம் தொலைந்துவிட்டதா?

இறந்துபோன உறவினரின் ஆயுள் காப்புறுதிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தாலும் உங்கள் உரிமை தொலைவதில்லை. பணம் கட்டியதற்கான பதிவு கம்பனியிடம் இருக்கும். கம்பனிகளின் தலைமை அலுவலகங்கள் பெரும்பாலும் கொழும்பிலேயே உள்ளன. எனவே பேலியகொடையிலிருந்து ஊர் திரும்புமுன் விசாரியுங்கள்.

எந்தக் கம்பனி?
வங்கிப் புத்தகம், சம்பளச் சீட்டு, பழைய பற்றுச்சீட்டு ஆகியவற்றைப் பாருங்கள். ஊரில் பணம் சேர்த்த முகவரையும் கூட வேலைசெய்தவர்களையும் கேளுங்கள். 1962 முதல் 1970களின் இறுதிவரை புதிய ஆயுள் காப்புறுதிகளை அரச காப்புறுதிக் கூட்டுத்தாபனமே வழங்கியது. அக்காலப் பத்திரமாயின், கொழும்பு 2, வொக்ஸோல் வீதியிலுள்ள ஸ்ரீலங்கா இன்சூரன்ஸ் தலைமை அலுவலகத்தில் கேளுங்கள்.

கொண்டுசெல்ல வேண்டியவை
• இறந்தவரின் முழுப்பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம்
• மரணச் சான்றிதழ்
• உறவைக் காட்டும் பிறப்பு அல்லது விவாகச் சான்றிதழ்
• உங்கள் அடையாள அட்டை

கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றை வைத்திருங்கள். பத்திரம் தொலைந்தமைக்குச் சத்தியக்கடதாசி கேட்கப்படலாம். அதைச் சமாதான நீதவான் முன்னிலையில் முடிக்கலாம்.

மரணச் சான்றிதழ் இல்லையெனில்
யுத்தத்தால் காணாமற்போய், ஓராண்டுக்கு மேல் தகவலின்றி, இறந்துவிட்டதாக நம்பப்படுபவரின் மரணத்தைப் பதிய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. விண்ணப்பிப்பதா என்பது குடும்பத்தின் முடிவு. எவரும் வற்புறுத்த முடியாது.

கட்டணம் இடையில் நின்றிருந்தால்
அதனால் கைவிட வேண்டாம். சில ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டியிருந்தால் ஒரு தொகை சேர்ந்திருக்கக்கூடும்.

கம்பனி மறுத்தால், காரணத்தை எழுத்தில் பெற்றுக் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடுங்கள். “எடுத்துத் தருகிறேன்” என்று பணம் கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம்.