டிராக்டருக்கு 12 வோல்ட் போடலாமா? முதல்ல இந்த டெஸ்ட் பண்ணுங்க!



"சம்பளம் பத்தல, வேலை மாறினா எல்லாம் சரியாகிடும்" என்று நினைக்கிறவரா நீங்க? அப்போ இந்தப் பழைய டிராக்டர் கதை உங்களுக்குத்தான்.

என் நண்பர் ஒருத்தர் அமெரிக்காவில், டெக்சாஸில் ஐடி வேலையில் இருக்கார். ஊருக்கு வெளியே 3 ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கினார். கூடவே ஒரு ஃபோர்டு 8என் டிராக்டரும் வந்தது. 1947 முதல் 1952 வரை தயாரான மாடல். 6 வோல்ட் பேட்டரி. அதிலும் பாசிட்டிவ் முனைதான் எர்த்.

குளிர்காலக் காலையில் செல்ஃப் முனகும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. ஒர்க்‌ஷாப்பில், "12 வோல்ட்டுக்கு மாத்திடுங்க" என்று 600 டாலர் எஸ்டிமேட் கொடுத்தாங்க. அப்போதான் எனக்கு ஃபோன்: "எமர்ஜென்சி ஃபண்டிலிருந்து எடுத்துக்கவா?"

பேட்டரி மட்டும் மாத்தினா போதாது

மாத்த வேண்டியதை ஒவ்வொன்றா எழுதச் சொன்னேன்.

- பழைய டைனமோ, ரெகுலேட்டருக்குப் பதில் ஆல்டர்னேட்டர். அதற்கேற்ற பிராக்கெட், பெல்ட்.
- 12 வோல்ட் இக்னிஷன் காயில், இல்லைன்னா ரெசிஸ்டர். இது இல்லாம ஓட்டினா காயில் சூடாகும், பாயின்ட் தீய்ஞ்சிடும்.
- எர்த் நெகட்டிவ்வுக்கு மாறும். அம்மீட்டர் வயர்களை இடம் மாத்தணும்.
- எல்லா பல்பும் புதுசு.

செல்ஃப் மோட்டார் மட்டும் பழசே போதும். சுத்துற திசைகூட மாறாது. ஆனா வேகமா அடிக்கும், பெண்டிக்ஸ் கியருக்கு அடி விழும். ரொம்ப நேரம் கிராங்க் பண்ணக் கூடாது.

லாபமும் இருக்கு. 12 வோல்ட் பேட்டரி எங்கேயும் கிடைக்கும். அதே வாட் விளக்குக்குப் பாதி கரண்ட் போதும்.

மல்டிமீட்டர் சொன்ன உண்மை

காசு கொடுக்கும் முன் ஒரு டெஸ்ட் பண்ணச் சொன்னேன். இக்னிஷனைத் துண்டிச்சிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வெச்சு செல்ஃப் அடிக்கணும். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். அவருக்கு 1 வோல்ட் காட்டியது. இருக்கிறதே 6, அதில் ஆறில் ஒரு பங்கு வழியிலேயே காலி!

எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றினா, அடியில் பெயிண்டும் துருவும். கேபிளும் மெலிசு, யாரோ 12 வோல்ட் காருக்கான கேபிளை மாட்டியிருக்காங்க. 6 வோல்ட்டில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓடணும், அதனால் தடிமனான கேபிள் கட்டாயம். சுரண்டிச் சுத்தம் பண்ணி, தடிமனான கேபிள் போட்டார். மறுநாள் காலையில் வண்டி ஸ்டார்ட்!

நேரா 12 வோல்ட் போட்டிருந்தாலும் ஸ்டார்ட் ஆகியிருக்கும். ஆனா மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும், துருவில் வீணாகிறதும் கூடும். பவர் தாராளமா இருக்கிறதால யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

இப்போ உங்க சம்பளம்

40,000 ரூபாயில் 25-ஆம் தேதி கை காலியாகிற பலர், 80,000 ஆனதும் அதே 25-ஆம் தேதி காலியாகிறதைப் பார்த்திருக்கேன். வாடகை, இஎம்ஐ, ஆட்டோ டெபிட் எல்லாம் கூடவே வளர்ந்திருக்கும்.

உங்க மல்டிமீட்டர், பேங்க் ஸ்டேட்மென்ட்தான். கடைசி 3 மாசத்தை எடுத்து, மறந்துபோன ஆட்டோ டெபிட்டையும் கிரெடிட் கார்டு வட்டியையும் முதல்ல வட்டமிடுங்க.

அப்புறம் தாராளமா வேலை மாறுங்க. ஆனா டிராக்டர் மாதிரியே கூட மாறுறதையும் எழுதிக்கோங்க: பிஎஃப் டிரான்ஸ்ஃபர், கம்பெனியோட போயிடுற ஹெல்த் இன்ஷூரன்ஸ், நோட்டீஸ் பீரியட். பழைய சம்பள விவரத்தைப் புது கம்பெனியில் கொடுக்கலைன்னா, வருஷக் கடைசியில் வரி பாக்கி நிற்கும்.

நண்பருக்கு இரவில் வேலை செய்ய நல்ல வெளிச்சம் வேணுமாம். அடுத்த போனஸில் 12 வோல்ட் போடப் போறார். எமர்ஜென்சி ஃபண்ட் அப்படியே இருக்கு.

ஸ்டேட்மென்ட்டை எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோவில் பார்ப்போம்.